சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடற்கரைக் கோட்டைகள்: நண்பர்களோடு கிளம்புமுன் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து சனி, ஞாயிறில் போய்ப் பார்க்கக்கூடிய கோட்டைகள் எவை?

வடக்கே பழவேற்காடு, சுமார் 60 கி.மீ. சென்னைக்குள்ளேயே புனித ஜார்ஜ் கோட்டை. தெற்கே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வரிசையாகக் கோவளம், சதுரங்கப்பட்டினம் (சுமார் 70 கி.மீ.), ஆலம்பரை (சுமார் 100 கி.மீ.). புதுச்சேரியைத் தாண்டினால் கடலூரில் தேவனாம்பட்டினம். அதற்கும் அப்பால், 280 கி.மீ. தொலைவில் தரங்கம்பாடி.

இவற்றில் முழு உருவத்தோடு நிற்பவை ஜார்ஜ் கோட்டையும் தரங்கம்பாடியும் மட்டுமே. சதுரங்கப்பட்டினம் பாதி நிற்கிறது, ஆலம்பரை சுவர்த் துண்டுகளாக நிற்கிறது. பழவேற்காட்டில் கோட்டை என்று சொல்லிக்கொள்ள மேடும் புதரும்தான் உண்டு, ஆனால் அங்கே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கோவளத்தில் ஒன்றுமே இல்லை. செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். இவை மலைக்கோட்டைகள் அல்ல. கப்பலில் ஏற்றத் துணியையும் உப்பையும் அடுக்கி வைக்கக் கட்டிய கிடங்குகள், பயத்தில் மதில் போட்டுக்கொண்டவை. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு சுவரும் எதற்கு என்று புரியும்.

ஒரே வார இறுதியில் எத்தனை கோட்டை பார்க்கலாம்?

ஒரு நாளைக்கு இரண்டு. மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே காரில் இருந்து இறங்கி படம் எடுத்துவிட்டு ஏறும் இடமாகிவிடும்.

எங்கள் பரிந்துரை: சனிக்கிழமை ஆலம்பரையும் சதுரங்கப்பட்டினமும், ஞாயிறு காலை ஜார்ஜ் கோட்டை. வடக்குப் பக்கம் பழவேற்காட்டுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பழவேற்காடு, மாலையில் மாமல்லபுரம் என்று திட்டம் போடுகிறவர்கள் நகரப் போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எண்ணூர் வழியாகப் போனால் துறைமுக லாரிகள், உள்ளே வந்தால் நகர நெரிசல். தரங்கம்பாடிக்கு இரண்டு நாளும் முழுசாக வேண்டும்.

சனிக்கிழமைப் பயணத்தில் முதலில் அருகில் உள்ளதைப் பார்ப்பதா, தூரத்தில் உள்ளதையா?

தூரத்தில் உள்ளதை. பலரும் வழியில் முதலில் வருகிற சதுரங்கப்பட்டினத்தில் இறங்கிவிட்டு, உச்சி வெயிலில் ஆலம்பரைக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஆலம்பரையில் ஒதுங்கச் சரியான நிழல் கிடையாது. மணலும் செங்கலும் சேர்ந்து சூட்டைத் திருப்பி அடிக்கும்.

திருவான்மியூரிலிருந்து காலை 5.30-க்குக் கிளம்பினால் 7.30 மணி வாக்கில் கடப்பாக்கம். ஆலம்பரையில் இரண்டு மணி நேரம். கடப்பாக்கத்துக்குத் திரும்பி வந்து டிபன். 11 மணிக்குள் சதுரங்கப்பட்டினம். அங்கே கொஞ்சம் நிழல் உண்டு, காவலாளியும் அந்த நேரத்தில் இருப்பார். பகல் சாப்பாட்டுக்கு மாமல்லபுரம். படம் எடுப்பவர்களுக்கும் இந்த வரிசைதான் நல்லது. சூரியன் கடல் பக்கமிருந்து எழுவதால், கடலைப் பார்த்த மதில்மேல் காலை வெளிச்சம் நேராக விழும். மாலையில் அதே சுவர் கறுத்துப் போகும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

ஜனவரி, பிப்ரவரி. டிசம்பர் பின்பாதியும் பரவாயில்லை, ஆனால் 5.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை இருந்தால் கடற்கரைப் பக்கமே போகக்கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை போயே தீர வேண்டும் என்றால் காலை 9.30-க்குள் வெட்டவெளிக் கோட்டையை முடித்துவிடுங்கள்.

ஜார்ஜ் கோட்டைக்குள் பொதுமக்கள் போக முடியுமா? தலைமைச் செயலகம் இருக்கிறதே?

போகலாம். சென்னைக்காரர்களில் பாதிப்பேர் இதைத் தெரியாமலே காலம் தள்ளுகிறார்கள். சட்டமன்றம், தலைமைச் செயலகம், ராணுவப் பகுதி ஆகியவற்றுக்குள் அனுமதி இல்லை. இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் புனித மேரி தேவாலயத்துக்கும் போகலாம். வாசலில் காவல்துறைச் சோதனை உண்டு. ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே நீண்ட வார இறுதியில் வெள்ளியன்று அங்கே போகாதீர்கள்.

வண்டியை எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலோ பறக்கும் ரயிலோ பிடித்து கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். அது முடிந்த பிறகு உள்ளே போவது மரியாதை.

உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

அருங்காட்சியகக் கட்டடமே ஒரு காட்சிப் பொருள். 1795-இல் வணிகர்கள் கூடிப் பேசும் மாளிகையாகக் கட்டி முடிக்கப்பட்டது, 1948-இல் அருங்காட்சியகமாயிற்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவண்ணக் கொடியைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நாணயங்கள், ஆயுதங்கள் என்று வேகமாகக் கடந்து போகிறவர்களும் இந்த அறையில் நின்று பார்க்க வேண்டும்.

தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். மரச்சட்டம், ஓடு எதுவும் இல்லாமல் செங்கல்லும் காரையுமாக வளைத்த கனத்த கூரை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்கேதான் நடந்தது.

வெளியே முற்றத்தில் நீங்கள் மிதித்து நடப்பவை கல்லறைக் கற்கள். ஆனால் அடியில் யாரும் இல்லை! இந்தக் கற்கள் கிடந்த பழைய இடுகாடு, இன்று சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும், இன்னொரு முறை எவனும் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து தரையில் பதித்துவிட்டார்கள்.

கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவே ஏன் அவ்வளவு இடைவெளி?

இதுவும் அதே பயத்தின் விளைவுதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து 1749-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவிடம் கிடைக்கும் என்பதை இரு தரப்பும் கற்றுக்கொண்டன. கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டுப் பீரங்கி சுடுவதற்கான வெட்டவெளி ஆனது. 1773-இல் ஆறு எல்லைத் தூண்களை நட்டு, இதற்குத் தெற்கே யாரும் கட்டக்கூடாது என்றார்கள். ஆறில் ஒன்று மட்டும் இன்னும் பாரிமுனையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை முனையில் உள்ள பெரிய வணிகக் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது. உயர் நீதிமன்றம் எழுந்தது அந்த வெட்டவெளியில்தான். கோட்டையிலிருந்து அந்தத் தூண் வரை ஒருமுறை நடந்து பாருங்கள், பதினைந்து நிமிடம் போதும். அந்தக் காலத்துப் பீரங்கிக்கு எவ்வளவு தூரம் தேவைப்பட்டது என்பது காலுக்குத் தெரியும்.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு எப்படிப் போவது? என்ன இருக்கிறது?

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம் அருகே ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் திரும்ப வேண்டும். பேருந்தில் வருகிறவர்கள் புதுப்பட்டினத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகவும் கல்பாக்கத்துக்குப் பேருந்து உண்டு. ஆட்டோக்காரரிடம் 'சட்ராஸ் கோட்டை' என்றாலும் புரியும். டச்சுக்காரர்கள் நாக்கில் சதுரங்கப்பட்டினம் அப்படிச் சுருங்கிவிட்டது.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது மெல்லிய மஸ்லின் துணிக்காக. உள்ளே நுழைந்ததும் நீளமான கிடங்குகளைப் பாருங்கள். கோட்டையில் இடத்தை அதிகம் அடைத்திருப்பது அவைதான், படைவீரர் குடியிருப்பு அல்ல. யானைமேல் ஏறுவதற்கான சாய்தள மேடை ஒன்று இருக்கிறது. நிலவறைகளும் உண்டு. இருட்டில் குனிந்து நுழைபவர்கள் முதலில் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். வௌவால், அதன் எச்சம், எப்போதாவது பாம்பு.

விடக்கூடாதது சுற்றுச்சுவருக்குள் இருக்கும் சிறிய கல்லறைத் தோட்டம். கருங்கல் பலகைகளில் டச்சு மொழி எழுத்துகளும் குலச் சின்னங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கதவு பூட்டியிருந்தால் காவலாளியைத் தேடிப் பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் திறந்து காட்டுவார். பெயரும் ஆண்டும் படிக்க வேண்டுமானால் கைபேசி விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில், தரையை ஒட்டிப் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சுண்ணாம்புக்கட்டியோ மாவோ தேய்த்துப் படிக்க முயல்வது கல்லைக் கெடுக்கும்.

இந்த ஊருக்கு எதிரே கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. கரையில் நின்றால் இன்று அணுமின் நிலையம்தான் கண்ணில் படும்.

ஆலம்பரை?

இந்தக் கரையில் ஒரே ஒரு கோட்டைதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். வரலாற்றை விட இடம் அப்படி. உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே, பாதி மணலில் புதைந்த செங்கல் மதில்.

ஈசிஆரில் கடப்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே சுமார் 3 கி.மீ. கடைசிப் பகுதி குறுகிய ஊர்ச் சாலை. வலை காயப்போட்டிருக்கும், ஓரம் ஒதுங்கி மெதுவாகப் போங்கள். தார் முடிகிற இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்று மணலில் இறக்குகிற கார்தான் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள், சக்கரம் இன்னும் குழி பறிக்கும். எல்லோரும் இறங்கி, ஓட்டும் சக்கரங்களில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மிதியடியோ தென்னை மட்டையோ போட்டு, முதல் கியரில் மெல்ல எடுங்கள். காற்றைத் திரும்பப் பிடிக்கும் வரை வேகம் கூடாது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்தது இது. துறைமுகமாகவும் நாணயச்சாலையாகவும் இருந்தது. 1750-இல் ஐதராபாத் நிஜாம் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். பத்தே ஆண்டு. மிச்சத்தை 2004 சுனாமி ஆட்டிவிட்டுப் போனது.

பார்க்கும்போது காரையைக் கவனியுங்கள். செங்கல்லுக்கு நடுவே வெள்ளைத் துணுக்குகள் தெரியும். அவை கிளிஞ்சல். கரையில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், சுடப்படாமல் தப்பியவைதான் அந்தத் துணுக்குகள். இந்தக் காரை மழைக்கு ஈடுகொடுக்கும், மனிதக் காலுக்கு ஈடுகொடுக்காது. மதில் உச்சியில் நிற்பது போலத் தோன்றும் செங்கற்கள் பல, காரை அரித்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பவை. ஏறி நின்று படம் எடுக்கப் போகிறவர்கள் சுவரோடு வருவார்கள்.

கழியில் மீனவர்கள் படகில் அழைத்துப் போவதுண்டு. கூலியை ஏறுமுன் ஆள் கணக்கா படகுக் கணக்கா என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடை இல்லை என்றால் ஏற வேண்டாம். நீச்சல் தெரியும் என்பது காரணமல்ல. கழியின் அடியில் சேறு, கால் ஊன்றினால் முழங்கால் வரை போகும்.

கழிப்பறை, தண்ணீர், கடை எதையும் நம்பிப் போகாதீர்கள். கடப்பாக்கத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

கோவளத்தில் கோட்டை இருந்ததாமே?

இருந்தது. 1752-இல் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார், பிறகு தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதி. அறை எடுக்காமல் பார்க்க ஒன்றும் இல்லை, எடுத்தாலும் அதிகமில்லை.

பழவேற்காட்டில் கோட்டையே இல்லை என்றால் ஏன் போக வேண்டும்?

கல்லறைகளுக்காகவும் ஏரிக்காகவும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கிருந்து துணி போனது. அடிமைகளாக மனிதர்களையும் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கோட்டை இருந்த இடம் இன்று சீமைக் கருவேலம் மண்டிய மேடு. அகழி இருந்த பள்ளத்தைக் கொண்டு எல்லையை ஊகிக்கலாம். உள்ளே நுழைய முயன்றால் முள்தான் மிச்சம்.

டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். குழந்தைகளோடு போனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உள்ளே கோபுரக் கல்லறைகளும் படுகல் பலகைகளும் உண்டு. இதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரியில் பூநாரைகள் வரும். உவர்நீர் ஏரிகளில் இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இதுதான் பெரியது. பூநாரை எங்கே நிற்கும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. காலை 9 மணிக்குள் பாருங்கள், தொலைநோக்கி இல்லாமல் போனால் இளஞ்சிவப்புப் புள்ளிகள்தான் தெரியும்.

போகும் வழி: சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்தோ ஷேர் ஆட்டோவோ, சுமார் 18 கி.மீ. திரும்பும்போது கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டில் படகு?

2011 கிறிஸ்துமஸ் நாளில் முகத்துவாரம் அருகே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அன்றைக்கு என்ன அனுமதி என்பதைக் கரையில் இருக்கும் காவல்துறையிடம் கேளுங்கள், படகுக்காரரிடம் கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்பதுதான் பதிலாக வரும். கவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஆட்கள். அத்தனை பேரும் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்வதும் ஒரு காரணம். முகத்துவாரத்தில் ஏரி நீரும் கடல் அலையும் எதிரெதிராக மோதும், சின்னப் படகுக்கு அது இடமல்ல.

தரங்கம்பாடியை இரண்டு நாளில் எப்படிப் போய் வருவது?

வெள்ளி இரவு எழும்பூரில் ரயில் ஏறி மயிலாடுதுறையில் இறங்குவதே சுகம். அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வார இறுதி வண்டி சீக்கிரம் நிரம்பிவிடும். காரில் போனால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஆறேழு மணி நேரம். ஓட்டத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும்.

இங்கே டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை 1620-இல் தொடங்கப்பட்டது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைகூரை அறைகள்: கிடங்கு, சிறை, வீரர் தங்குமிடம். மேல்தளத்தில் ஆளுநர் இருந்தார். உப்புக்காற்று வராத பக்கம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தாலே பதவி வரிசை தெரியும்.

கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். 1792-ஆம் ஆண்டு நகர வாயில் வழியாக நுழைந்து ராஜ வீதியில் நடந்து கடலுக்கு வருவதுதான் சரியான வழி. சீயோன் தேவாலயம் 1701, புதிய எருசலேம் ஆலயம் 1718. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே தமிழ் அச்சகம் நடத்தினார். அதற்குக் காகிதம் செய்த இடம் பக்கத்துப் பொறையாறில், பெயரே கடுதாசிப்பட்டறை. வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனிஷ்காரர்களுக்கு முன்பே இந்த ஊர் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் போகலாமா?

தரங்கம்பாடிக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கலாம், தனியாக வேண்டாம். இடிந்த சில பகுதிகளே மிச்சம். சுவையான கதை ஒன்று உண்டு: 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் சேர்த்தி என்று ஒப்பந்தம். நான்கு திசையிலும் சுட்டு எல்லை குறித்தார்கள். அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற பலகையைக் கண்டால் இப்போது சிரிப்பீர்கள்.

பேருந்தில் ஆலம்பரை போய்வர முடியுமா?

முடியும். திருவான்மியூரில் ஈசிஆர் வழிப் புதுச்சேரிப் பேருந்தில் ஏறுங்கள். ஏறுமுன் 'கடப்பாக்கம் நிக்குமா' என்று கேளுங்கள். இடைநில்லாப் பேருந்து நிற்காது, புதுச்சேரி வரை கொண்டுபோய் விட்டுவிடும். கடப்பாக்கத்தில் ஆட்டோ பிடிக்கும்போது திரும்பி அழைத்துவரவும் சேர்த்துப் பேசி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டைப் பக்கம் காத்திருக்கும் ஆட்டோ கிடையாது.

நான்கு பேருக்கு எவ்வளவு செலவாகும்?

ஆலம்பரை வரை போய்வர உள்ளூர்ச் சுற்றலோடு 230 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 15–16 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,600, ஆளுக்கு 400. இதோடு டோல்கேட். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள், உத்தண்டியில் நின்று ரீசார்ஜ் செய்தால் பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டர் வரம்பைப் பாருங்கள். வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்துவைப்பது, திருப்பும்போது கீறல் சண்டையைத் தவிர்க்கும். எட்டுப் பேருக்கு மேல் என்றால் இரண்டு காருக்குப் பதில் ஒரு டெம்போ டிராவலர் மலிவு. ஒருவரும் ஓட்டிக் களைக்க வேண்டியதில்லை.

என்னென்ன எடுத்துப் போவது?

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். தொப்பி. கனத்த அடி உள்ள ஷூ: சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், உடைந்து உள்ளே நின்றால் சீழ் பிடிக்கும். அதனால் ஊசி, இடுக்கி, மருந்து. அதே முள் டயரையும் விடாது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குப்பைக்கு ஒரு பை. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழிச் சாலை வேலை நடக்கும் இடங்களில் திடீர் மாற்றுப்பாதை வரும். இருட்டிய பின் ஓட்டுவதைத் தவிருங்கள்.

கோட்டைக்குப் பக்கத்தில் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கழி கடலோடு சேரும் இடங்களில் நீரோட்டம் மேலே தெரியாது. அலை அமைதியாக இருக்கிற பட்டைதான் பெரும்பாலும் ஆளை உள்ளே இழுக்கும் பட்டை. ஆலம்பரையில் இடிந்த சுவர்த் துண்டுகளும் தண்ணீருக்குள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். வற்றத்தில் நடந்து கடந்த மணல்திட்டு, திரும்பும்போது இடுப்பளவுத் தண்ணீரில் இருக்கும்.

ட்ரோன், கேமரா?

கைபேசிக்கும் சாதாரணக் கேமராவுக்கும் வெளிப்புறங்களில் தடையில்லை. தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜார்ஜ் கோட்டையில் தலைமைச் செயலகமும் ராணுவமும், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அணுமின் நிலையம். பறக்கவிட்டால் கோட்டையைப் பார்ப்பதற்குப் பதில் காவல் நிலையத்தைப் பார்ப்பீர்கள்.

ஒரு ஓடு, ஒரு பழைய செங்கல் நினைவுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. பெயர் கிறுக்குவதும் அதில் சேரும். மழைக்குப் பின் ஆலம்பரை மணலில் பானை ஓடு, எப்போதாவது நாணயம் தலைகாட்டும். எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு. இருந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

சாப்பாடு எப்படி?

கடப்பாக்கத்தில் சிறிய மெஸ்கள், காலையில் இட்லி, பூரி. பகலில் மீன் குழம்புச் சாப்பாடு 1 மணிக்கு மேல் தீர்ந்துவிடும். கல்பாக்கம், புதுப்பட்டினம் பக்கம் தேர்வு அதிகம். பழவேற்காட்டில் இறாலும் நண்டும் பெயர் போனவை. சமைத்துத் தரச் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் அன்று மழை பிடித்துக்கொண்டால்?

ஆலம்பரையை விட்டுவிடுங்கள். நனைந்த சுண்ணாம்புக் காரை வழுக்கும், இளகிய சுவர் மழை நின்ற பிறகும் சரியும். ஞாயிறுக்கு வைத்திருந்த ஜார்ஜ் கோட்டையைச் சனிக்கு மாற்றுங்கள். அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம், தேவாலயத்தில் ஒரு மணி நேரம், இரண்டுக்கும் நடுவே குடை பிடித்து நடக்க ஐந்து நிமிடம்.